கிரகணத்தில் பிறந்த குதிரையும் நம் கரையில் இறங்கிய குதிரைகளும்

துபாயில் வேலை பார்க்கும் பெரியபட்டினத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "இங்கே மைதான் என்ற குதிரைப் பந்தயத் திடலுக்குப் பந்தயம் பார்க்கப் போயிருந்தேன் சார். அங்கே ஓடுகிற குதிரை எல்லாமே எக்லிப்ஸ் என்ற ஒரே குதிரையின் வம்சம் என்று கூட வந்தவர் சொன்னார். அதற்கு மூலமும் ஒரு அரபுக் குதிரைதானாம். எங்கள் ஊர்க் கரையில் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரை இறங்கியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அங்கே ஒன்று போய் அவ்வளவு பெரிய வம்சம் வந்தது. இங்கே இத்தனை வந்தும் ஏன் ஒன்றும் மிஞ்சவில்லை? அந்த எக்லிப்ஸ் அப்படி என்னதான் செய்தது? அப்புறம், ஊரில் எங்கள் தென்னந்தோப்பில் ஒரு குதிரை வாங்கி விடலாமா என்றும் யோசனை."

தம்பி, நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கடலோரத்தில் கால்நடை மருத்துவம் பார்த்தவன். கைக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் மாடும் ஆடும். குதிரை என்றால் ராமேஸ்வரத்து ஜட்கா வண்டிக் குதிரைகள், கல்யாண ஊர்வலக் குதிரைகள், அவ்வளவுதான். ஆனாலும் எக்லிப்ஸ் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் நண்பர் சொன்னது பெரும்பாலும் சரி. தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன் என்று ஆண் வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், இன்று உலகத்தில் ஓடுகிற தரோபிரெட் என்ற இனத்துப் பந்தயக் குதிரைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எக்லிப்ஸில் போய் முட்டும். நம் கிண்டியில் ஓடியவையும் அதில் அடக்கம். 

அது பிறந்தது 1764 ஏப்ரல் 1, இங்கிலாந்தில். அன்றைக்குச் சூரிய கிரகணம். பெயரே அதனால் வந்ததுதான். நம் ஊரில் கிரகணத்தன்று சினைப்பசுவைக்கூட வெளியே விடமாட்டார்கள். அன்றைக்குப் பிறந்த குட்டியை யார் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள்? போதாததற்கு உடம்பெல்லாம் செம்பழுப்பு, முகத்தில் ஒரு வெள்ளைப் பட்டை, பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. நாலு காலும் முகமும் வெள்ளையாக இருந்தால் பஞ்சகல்யாணி என்று நம்மவர்கள் கொண்டாடுவார்கள். ஒற்றைக்கால் வெள்ளையைப் பார்த்தால் சுழி பார்க்கிற ஆள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருப்பார்.

வளர்த்தவர் கம்பர்லண்ட் பிரபு, இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகன். குட்டிக்கு ஒன்றரை வயதாகும்போது, 1765இல், அவர் இறந்துவிட்டார். லாயத்தையே ஏலம் போட்டார்கள். வில்லியம் வைல்ட்மேன் என்ற இறைச்சி வியாபாரி 75 கினிக்கு (கினி என்பது அந்தக் கால ஆங்கிலத் தங்க நாணயம்) அதை எடுத்தார். அவர் வருவதற்குள் ஏலம் தொடங்கிவிட்டது என்றும், கைக்கடியாரத்தைக் காட்டி "அறிவித்த நேரத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டீர்கள், முதலிலிருந்து போடுங்கள்" என்று சண்டை போட்டு வாங்கினார் என்றும் ஒரு கதை சொல்வார்கள்.

வாங்கிய பிறகுதான் தலைவலி. "குதிரை குணமறிந்து தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை" என்று சொல்வோமே, இதற்கென்றே சொன்ன மாதிரி. பக்கத்தில் யாரையும் அண்டவிடாது. காயடித்துவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள். அன்றைக்குக் கத்தி எடுத்திருந்தால் நீங்கள் மைதானில் பார்த்த குதிரைகளில் பெரும்பாலானவை பிறந்தே இருக்காது. கடைசியில் முரட்டுக் குதிரை அடக்குகிற ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பகலெல்லாம் ஓட்டினார், ராத்திரி திருட்டு வேட்டைக்கும் அதன் மேலேயே போய்வந்தார் என்கிறார்கள். கொஞ்சம் வழிக்கு வந்தது. ஆனால் கடைசிவரை எந்த ஜாக்கியும் அதைச் சாட்டையால் தொடவில்லை; தலையைத் தாழ்த்திக்கொண்டு அதன் போக்கில் ஓடும், மேலே இருப்பவர் உட்கார்ந்திருந்தால் போதும்.

முதல் பந்தயம் 1769 மே 3, எப்சம். வயது ஐந்து. அதற்குச் சில நாள் முன்னால் வைல்ட்மேன் ரகசியமாக ஒரு சோதனை ஓட்டம் விட்டார். உளவு பார்க்க வந்த சூதாட்டக்காரர்கள் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். வழியில் நின்ற ஒரு கிழவியிடம், இங்கே ஏதாவது பந்தயம் நடந்ததா என்று கேட்டார்கள். பந்தயமா என்னவோ தெரியாது, வெள்ளைக்கால் குதிரை ஒன்று பேய் மாதிரி ஓடியது, ரொம்பத் தூரம் பின்னால் இன்னொன்று அதைப் பிடிக்கப் பார்த்தது, உலகத்தின் விளிம்புவரை ஓடினாலும் பிடிக்காது என்றாளாம் அந்தம்மா. எனக்குத் தெரிந்து பந்தயக் குதிரையைப் பற்றி யாரும் சொன்னதில் அதுதான் அசல் விமர்சனம்.

அந்தக் காலப் பந்தயத்தை இப்போது டிவியில் பார்க்கிற ஒன்றரை நிமிட ஓட்டமாக நினைக்கக்கூடாது. ஒரு சுற்று நாலு மைல். நம் பாம்பன் ரயில் பாலத்தை மூன்று தடவை நீளவாக்கில் ஓடுகிற தூரம். அது முடிந்ததும் அரை மணி மூச்சு வாங்கவிட்டு, அதே நாள் அதே தூரம் மறுபடி. பெரிய பந்தயங்களில் முதுகில் 76 கிலோ எடை வேறு. ஜெயிக்கிற குதிரை கோட்டைத் தாண்டும்போது அதற்கு 240 கஜத்துக்கு மேல் பின்தங்கிய குதிரையை அடுத்த சுற்றில் சேர்க்கவே மாட்டார்கள். அதன் பெயர் பட்டியலில் எந்த இடத்திலும் வராது.

இதைத் தெரிந்துகொண்டால்தான் டென்னிஸ் ஓகெல்லி போட்ட பணயம் புரியும். அவர் அயர்லாந்துக்காரர். லண்டனில் பல்லக்குத் தூக்கிப் பிழைத்தவர், கடன்காரச் சிறையில் கிடந்தவர், பிறகு சூதாட்டத்தில் பணம் பார்த்தவர். எப்சமில் முதல் சுற்றை எக்லிப்ஸ் சும்மா ஜெயித்ததும், இரண்டாவது சுற்றில் எல்லாக் குதிரைகளும் வரும் வரிசையை நான் சொல்கிறேன் என்று பந்தயம் கட்டினார். சொல்லுங்கள் என்றார்கள். எக்லிப்ஸ் முதல், மற்றது எதுவும் இல்லை என்றார். கூட ஓடிய நாலு குதிரையும் 240 கஜத்துக்கு அப்பால் கிடந்தன. ஓகெல்லி பணத்தை அள்ளினார். கையோடு குதிரையிலும் பாதிப் பங்கை 650 கினிக்கு வாங்கி, பிறகு மீதிப் பாதிக்கு 1,100 கினி கொடுத்து முழுசாகத் தனதாக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சொல்ல அதிகமில்லை. 1769, 1770 இரண்டு வருடம், 18 பந்தயம், 18 வெற்றி. அதில் 11 அரசர் பெயரில் வைத்த பந்தயங்கள். பல இடங்களில் எதிர்த்து ஓட ஆளே வரவில்லை. தனியாகத் தடத்தை நடந்து முடித்துவிட்டுப் பரிசை வாங்கி வந்தது. "வாக் ஓவர்" என்று நாம் கிரிக்கெட் முதல் தேர்தல்வரை சொல்கிறோமே, அந்த வார்த்தை இந்த மாதிரிப் பந்தயத் தடங்களில் பிறந்ததுதான். பந்தயம் கட்ட ஆள் இல்லாமல் போனதால் ஓய்வு கொடுத்து இனப்பெருக்கத்துக்கு விட்டார்கள்.

அதற்குப் பிறந்த குட்டிகளில் 300க்கு மேற்பட்டவை பந்தயம் ஜெயித்தன. டெர்பி பந்தயம் 1780இல் தொடங்கியது. 1781, 1783, 1784 மூன்று வருடமும் எக்லிப்ஸின் மகன்கள் வென்றார்கள். இவ்வளவு இருந்தும், ஒரு வருடம்கூட முதலிடப் பொலிகுதிரை, அதாவது இனப்பெருக்க ஆண் குதிரைகளில் முதல், என்ற பெயர் அதற்குக் கிடைக்கவில்லை. ஹெராட் என்ற குதிரையும் அதன் மகன் ஹைஃப்ளையரும் அந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. இன்றைக்கு ஹெராட் வழி ஆண் வாரிசு மெலிந்துபோய்விட்டது. எக்லிப்ஸ் வழி ஆலமரம். வம்சக் கணக்கை அந்தந்தத் தலைமுறையில் போட்டுப் பார்த்தால் தப்பாகத்தான் வரும்.

இன்றைய வாரிசுகளில் பெரும்பகுதி ஒரு மகன் வழியாக வருகிறது. அதன் பெயர்க் கதையைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. பெயர் 'பொட்டேட்டோஸ்', அதாவது உருளைக்கிழங்கு. தீவனப் பெட்டியில் பெயரை எழுதச் சொன்னபோது லாயத்துப் பையன் 'பொட்' என்று எழுதி, பக்கத்தில் வரிசையாக எட்டு 'ஓ' போட்டுவைத்தானாம். பொட் எட்டு ஓஸ். முதலாளி சிரித்துவிட்டு அதையே பெயராக வைத்துவிட்டார். அமெரிக்காவில் 1973இல் பெல்மாண்ட் பந்தயத்தை 31 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்த செக்ரடேரியட், இந்த எட்டு 'ஓ' வழிப் பேரன்தான்.

சரி, மூலத்துக்கு வருவோம். 1704இல் தாமஸ் டார்லி என்ற ஆங்கிலேய வியாபாரி சிரியாவின் அலெப்போவிலிருந்து ஒரு அரபுக் குதிரையை யார்க்‌ஷயரில் இருந்த தன் வீட்டுக்கு அனுப்பினார். அதுதான் டார்லி அரேபியன். துபாயில் டார்லி, கோடால்ஃபின் என்று குதிரை நிறுவனங்களின் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் அந்தக் காலத்தில் இங்கிலாந்து போன அரபுக் குதிரைகளின் பெயர்கள். போன சரக்கு முந்நூறு வருடம் கழித்துப் பலமடங்கு விலையில் ஊர் திரும்பியிருக்கிறது.

டார்லி அரேபியனையும் சேர்த்து எண்ணினால் எக்லிப்ஸ் ஐந்தாவது தலைமுறை. நடுவில் இருப்பவர்களைப் பாருங்கள். டார்லி அரேபியனின் மகன் பார்ட்லட்ஸ் சில்டர்ஸ். மூக்கில் ரத்தம் வருகிற குதிரை, பந்தயத்துக்கே விடவில்லை. அதன் மகன் ஸ்க்விர்ட்டுக்குக் குளம்பு அழற்சி, அதாவது குளம்புக்குள் வீங்கி, தரையில் கால் ஊன்ற முடியாத நோய். சுட்டுவிடச் சொல்லி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். குதிரைக்காரப் பையன் ஒருவன் கெஞ்சிக் காப்பாற்றினான். அதன் மகன் மார்ஸ்க் சொற்ப விலைக்குக் கைமாறியது. அதன் மகன் எக்லிப்ஸ். அந்தப் பெயர் தெரியாத பையன் கெஞ்சாமல் இருந்திருந்தால் இந்தப் பதிலுக்கே வேலையில்லை. எக்லிப்ஸும் கிழ வயதில் குளம்பு கெட்டு நடக்க முடியாமல் போய், இடம் மாற்றும்போது வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். செக்ரடேரியட்டை 1989இல் ஊசி போட்டு முடிக்க வேண்டி வந்ததும் அதே குளம்பு அழற்சியால்தான்.

இப்போது நம் கரைக்கு வாருங்கள். டார்லி அரேபியனுக்கு நானூறு வருடம் முன்னால், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். பாரசீக வளைகுடாப் பக்கத்துக் கீஷ், ஹோர்முஸ், அரபு நாட்டு ஏடன் துறைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்தது. பாரசீக வரலாற்றாளர் வஸ்ஸாப் எழுதுகிறார்: கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் மட்டும் வருடத்துக்கு 1,400 குதிரை அனுப்ப ஒப்பந்தம், மற்றத் துறைகளையும் சேர்த்தால் ஒரு காலத்தில் வருடத்துக்கு 10,000 வரை, ஒன்றின் விலை 220 பொன் தினார். இறங்கிய துறைகளில் காயலோடு 'பத்தன்' என்பதையும் சொல்கிறார். அந்தப் பத்தன் உங்கள் பெரியபட்டினம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. உங்கள் ஊர் மண்ணைத் தோண்டினால் சீனப் பீங்கான் ஓடு கிடைக்கிறதே, அது சும்மா வந்ததில்லை.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் கருவூலம் விலை கொடுத்துவிடும். எந்த வியாபாரி குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கவலைப்படுவான்?

1290களில் வந்த மார்க்கோ போலோ மிச்சத்தைச் சொல்கிறார். வருடா வருடம் 2,000க்கு மேல் வாங்குகிறார்கள், வருடக் கடைசியில் 100கூட மிஞ்சுவதில்லை. சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் கொடுக்கிறார்கள். லாடம் அடித்து வைத்தியம் பார்க்கத் தெரிந்த ஆள் கிடையாது. வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆளைக் கூட்டி வருவதுமில்லை, வர நினைப்பவனை விடுவதுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்குக் கிராக்கி. நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் இங்கே கால் கோணின குட்டிதான் பிறக்கிறது என்றும் எழுதுகிறார்.

போலோ அளக்கிறார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் சொல்வது ஒரு நோயாளியின் கேஸ் ஷீட் மாதிரி இருக்கிறது. குதிரையின் வயிறு புல்லுக்கு ஆனது. சோற்றை அள்ளிக் கொட்டினால் மாவு புளித்து, வயிற்றுவலி வரும், கூடவே குளம்பு அழற்சி வரும். வறண்ட ஊர்க் குதிரை நம் புழுக்கத்துக்கு வந்தால் சிலதுக்கு வியர்வையே நின்றுபோகும். உடம்புச் சூடு இறங்காமல் விழுந்துவிடும். மாட்டு ஈ கடித்துப் பரப்புகிற சர்ரா நோய் வேறு. அதன் கிருமியை 1880இல் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் கண்டுபிடிக்கும்வரை, நேற்றுவரை நன்றாக இருந்த குதிரை ஏன் இளைத்துச் சாகிறது என்று எவருக்கும் தெரியாது. மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் பணத்துக்கு வந்த பரிகளெல்லாம் ராத்திரியோடு நரியாகிப் போகின்றன. அது ஈசன் திருவிளையாடல், சரி. ஆனால் காலையில் லாயம் காலியாகக் கிடப்பது இந்த நாட்டுக்காரனுக்குப் பழகிய காட்சியாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: இங்கே குதிரையைச் சரக்காக வாங்கினார்கள், யுத்தத்துக்குச் செலவழித்தார்கள். வம்சம் வேண்டுமென்றால் பெட்டை வேண்டும்; அரபிகள் பெட்டையைச் சுலபத்தில் கைவிடமாட்டார்கள். இங்கிலாந்தில் ஓடத் தெரிந்த பெட்டைகள் ஏற்கெனவே இருந்தன, குளிர்ந்த புல்வெளி இருந்தது, எது எதற்குப் பிறந்தது என்று எழுதிவைக்கிற வெறி இருந்தது. 1791இல் வம்சப் பதிவேட்டையே அச்சில் கொண்டுவந்தார்கள். நம் கரையில் இறங்கியதில் எக்லிப்ஸை விட நல்ல குதிரை ஒன்றாவது இருந்திருக்கும் என்று பந்தயம் கட்ட நான் தயார். சோறு தின்று செத்திருக்கும்.

என் பாசத்துக்குக் காரணம் சொல்கிறேன் என்றேனே. எக்லிப்ஸ் 1789 பிப்ரவரியில், 25 வயதை நெருங்கும்போது, வயிற்றுவலியில் இறந்தது. சார்லஸ் வியால் டி செயின்பெல் என்ற பிரெஞ்சுக்காரரைக் கூப்பிட்டு உடலை அறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். எலும்பு எலும்பாக அளந்தார். இதயம் 14 பவுண்டு, ஆறேகால் கிலோவுக்கு மேல். சாதாரணப் பந்தயக் குதிரைக்கு நாலு கிலோ இருந்தாலே நல்ல இதயம். அந்த அறுவையால் பெயர் பெற்ற அவரையே முதல் பேராசிரியராக வைத்து 1791இல் லண்டனில் கால்நடைக் கல்லூரி தொடங்கினார்கள். இங்கிலாந்தில் அதற்கு முன் அப்படி ஒன்று கிடையாது. அந்த வழிப் படிப்புதான் 1903இல் சென்னை வேப்பேரிக்கு வந்தது, அங்கேதான் நானும் படித்தேன். எக்லிப்ஸின் எலும்புக்கூடு இன்னும் லண்டனில் தொடங்கிய அந்தக் கல்லூரியிடம்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் இதுதான் அசல் எக்லிப்ஸ் என்று பல எலும்புக்கூடுகளும், நாலுக்கு மேல் குளம்புகளும் ஊர் ஊராக இருந்தனவாம். நம் ஊர் ஆட்கள்தான் இதில் கெட்டி என்று நினைத்திருந்தேன்.

கடைசியாக, தோப்புக் குதிரை. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். பல வருடம் முன்னால் ராமேஸ்வரத்தில் ஒரு ஜட்காக்காரர் கூப்பிட்டார். குதிரை முன்னங்காலால் தரையைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கிறது, விழுந்து புரள்கிறது. அடிவயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்தேன். உள்ளே கடல் இரைந்தது. அலை கரையேறி மணலை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் எப்படி இருக்குமோ அப்படியே. சாணத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து வடித்தால் அடியில் ஒரு விரற்கடை வெள்ளை மணல். புல்லையும் கொள்ளையும் தரையில் கொட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வாயோடும் கொஞ்சம் கொஞ்சமாக மணல் உள்ளே போயிருக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு லிக்விட் பாரஃபின் ஏற்றி, அப்புறம் இசப்கோல் கரைத்து ஊற்றி, மூன்றாம் நாள்தான் எழுந்து தண்ணீர் குடித்தது.

ஆகவே தீவனத்தை மார்பு உயரத் தொட்டியில் போடுங்கள், தரையில் வேண்டாம். கொள்ளை ஊறவைத்துக் கொஞ்சமாக, புல்லை நிறைய. உச்சி வெயிலில் ஏறாதீர்கள். வடக்கத்திக் குதிரை என்றால் பங்குனி, சித்திரையில் வாங்காமல் ஐப்பசி மழைக்குப் பிறகு கொண்டுவாருங்கள். அதற்கெல்லாம் முன்னால் லாடம் அடிக்கிற ஆளைப் பிடித்து வையுங்கள். ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்து இருந்த ஒருவர் இறந்துவிட்டார். மகன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். மதுரைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள்.